மகாராஜா வரைந்த கட்டமும் பாட்டி வரைந்த கட்டமும்

மைசூரு ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓவியம் பார்க்கத்தான் போகிறார்கள். ரவிவர்மாவின் படங்களையும், கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் புகழ்பெற்ற படத்தையும் பார்த்துவிட்டு, மாடியில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடுகிறார்கள். அந்த மாடியில் கட்டம் கட்டமாக வரையப்பட்ட சித்திரங்களும் உண்டு. 'ஏதோ ஜாதகக் கட்டம் போலிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே கடந்து போவார்கள்.

அவை ஜாதகக் கட்டங்கள் அல்ல. ஆட்டக் கட்டங்கள். காய் நகர்த்தி விளையாடுவதற்காக ஒரு மகாராஜா உட்கார்ந்து யோசித்து உருவாக்கியவை. நம் வீட்டுத் திண்ணையில் பாட்டி கரித்துண்டால் கிழித்த தாயக்கட்டத்திற்கும், ஐரோப்பியர் மேசைமேல் விரித்து ஆடும் பேக்கேமன் என்ற ஆட்டத்திற்கும், இந்த அரண்மனைச் சித்திரங்களுக்கும் தூரத்து உறவு உண்டு. அந்த உறவு முறையைத் தெரிந்துகொண்டால் மைசூரில் வேலை பார்க்கும் தமிழருக்கு ஒரு லாபமும் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களோடு பேச மொழி தடுமாறலாம். கட்டத்தின் முன் உட்கார்ந்தால் தடுமாறாது.

ராஜ்யம் இல்லாத ராஜா

அந்த மகாராஜாவின் பெயர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். கன்னடத்தில் 'மும்மடி கிருஷ்ணராஜர்' என்பார்கள். 1794-ல் பிறந்தவர். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஆங்கிலேயர் பழைய உடையார் வம்சத்தைத் தேடிப்பிடித்து ஐந்து வயதுக் குழந்தையான இவரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். 1811 வரை திவான் பூர்ணையா நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் மகாராஜாவே ஆண்டார். நகர் சீமையில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்ததைக் காரணம் காட்டி 1831-ல் கும்பெனியார் ஆட்சியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவர் உயிரோடிருந்தது 37 ஆண்டுகள். பட்டம் இருந்தது, அரண்மனை இருந்தது, தசரா தர்பாரும் இருந்தது. கையெழுத்துப் போட ஒரு காகிதம் வராது. ராஜ்யத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. 1868-ல் அவர் காலமான பிறகு, 1881-ல்தான் அவருடைய சுவீகார புத்திரருக்கு ஆட்சி திரும்பி வந்தது.

வேலையில்லாத அந்த நீண்ட காலத்தில் அவர் புத்தகம் எழுதினார், எழுதுவித்தார். அவற்றில் பெரியது 'ஸ்ரீதத்வநிதி'. ஒன்பது நிதிகளாகப் பிரிக்கப்பட்ட அந்தச் சித்திர நூலில் சக்தி, விஷ்ணு, சிவன், கிரகங்கள் என்று தெய்வ வடிவங்கள் வரிசையாக வருகின்றன. ஒன்பதாவது 'கௌதுக நிதி'. கௌதுகம் என்றால் விநோதம், வேடிக்கை. சதுரங்கம், பகடையாட்டம், சீட்டாட்டம் எல்லாம் அதிலே இடம்பெறுகின்றன. தெய்வங்களுக்கு எட்டுப் பங்கு ஒதுக்கிய ராஜா, ஆட்டத்திற்கும் இடம் விட்டிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

சதுரங்கப் பலகையில் குதிரை ஒரு கட்டத்தில் ஒரு முறைக்கு மேல் கால் வைக்காமல் 64 கட்டங்களையும் சுற்றி வரும் கணக்கில் அவருக்குத் தீராத மோகம். அது போதாதென்று சீட்டாட்டத்திலும் புகுந்தார். வட்ட வடிவில் கையால் வரையும் கஞ்சீபா சீட்டுகளில் புதுப்புதுக் கட்டுகளை வகுத்தார். சிலவற்றில் 300-க்கும் மேற்பட்ட சீட்டுகள்! இன்றைக்கும் 'மைசூர் கஞ்சீபா' என்று புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. ஆனால் வாங்குகிறவர்கள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். ஆடத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவர் வகுத்த கட்ட ஆட்டங்களும் அப்படித்தான். கிரகம், ராசி, தேவதை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். நுணுக்கமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் விதியைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு பண்டிதர் கூட உட்கார வேண்டியிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் அதிலே எங்கே உட்காருவான்?

இது மைசூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அக்பர் பாதுஷாவும் 'சந்தல் மண்டல்' என்று ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்தார். பதினாறு பேர், 64 காய்கள், வட்டமான பலகை என்று 'அயினி அக்பரி'யில் விவரம் இருக்கிறது. பதினாறு பேரைச் சேர்ந்தாற்போல் உட்கார வைக்கப் பாதுஷாவால்தான் முடியும். அவரோடு அந்த ஆட்டமும் போயிற்று. அதே அரண்மனையில் ஆடப்பட்ட சாதாரண சௌபர் ஆட்டமோ இன்னும் உயிரோடிருக்கிறது. கன்னடத்தில் அதற்குப் 'பகடெ' என்று பெயர். நமக்குச் சொக்கட்டான்.

காய் பழமாகும் ஊர்

சொக்கட்டான் துணியைப் பார்த்தவர்களுக்கு உருவம் நினைவிருக்கும். சிலுவைபோல் நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். ஆக 96 கட்டங்கள். நான்கு நிறத்தில் நான்கு நான்காகப் பதினாறு காய்கள். உருட்டுவதற்கு நீண்ட பகடைகள். துணியாக இருப்பதால் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். இந்த ஆட்டம் ஊர் ஊராகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

தமிழர்களுக்குச் சொக்கட்டான் என்றதும் 'கர்ணன்' படம்தான் கண்ணில் வரும். நண்பனின் மனைவியோடு ஆடிக்கொண்டிருந்த கர்ணன், அவள் எழுந்ததும் கையை நீட்ட, அவளது மணிமாலை அறுந்து சிதறும் கட்டம். அந்தக் கதை வியாச பாரதத்தில் கிடையாது. நம் பக்கத்து வாய்மொழிக் கதை. 1964-ல் அந்தப் படத்தை எடுத்த பி.ஆர்.பந்துலு, பழைய மைசூர் ராஜ்யத்தின் கோலார் சீமையில் பிறந்தவர் என்பதை இங்கே ஞாபகப்படுத்தலாம்.

சொக்கட்டான் பெரிய வீட்டு ஆட்டம். சிறிய வீட்டு ஆட்டம் தாயம். மைசூரில் அதற்குச் 'சௌகாபாரா' என்று பெயர். பத்துக் குடித்தனங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றியிருக்கும் வீட்டு வரிசையைக் கன்னடத்தில் 'வடாரா' என்பார்கள். அப்படிப்பட்ட வடாராவில் ஒண்டிக் குடித்தனம் இருந்த தமிழ்ப் பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெடுக்கே ஐந்து, குறுக்கே ஐந்து, 25 கட்டம். ஒவ்வொரு பக்கத்தின் நடுக்கட்டத்திலும் பெருக்கல் குறி. வெளிச்சுற்றில் 16 கட்டம், உள்சுற்றில் எட்டு, நடுவில் ஒன்று. வெளிச்சுற்றை முடித்து உள்ளே திரும்பி நடுவீட்டுக்குப் போக வேண்டும். எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது. குறியிட்ட கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது.

நம் பக்கத்தில் இதையே பித்தளைத் தாயக்கட்டை உருட்டி ஆடுவோம். அல்லது புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்துக்கொள்வோம். அங்கே நான்கு சோழிகள். நான்கும் வாய் திறந்து விழுந்தால் நான்கு, அது 'சௌகா'. நான்கும் குப்புற விழுந்தால் எட்டு, அது 'பாரா'. இந்த இரண்டின் பெயரைச் சேர்த்துத்தான் ஆட்டத்திற்கே பெயர். வெட்டப்படாத குறிக்கட்டத்தை நாம் 'மலை' என்போம், அவர்கள் 'கட்டெ' என்பார்கள். கட்டத்தில் நகர்வது அங்கேயும் 'காய்'தான். அந்தக் காய் வீடு போய்ச் சேர்ந்தால் நாம் 'பழம்' என்கிறோம். அவர்கள் 'ஹண்ணு' என்கிறார்கள். அதற்கும் பழம் என்றே அர்த்தம். காய் பழுத்துப் பழமாகும் இந்த உவமையை இரண்டு மொழியும் பங்கு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால், மாநில எல்லைக்கோடு எவ்வளவு சமீபத்தில் போடப்பட்டது என்பது புரியும். பல்லாங்குழி அங்கே 'அளகுளி மணெ', ஆடுபுலி ஆட்டம் 'ஆடு ஹுலி'. பெயர் சற்றுத் திரும்பியிருக்கிறதே தவிர, ஆட்டம் திரும்பவில்லை.

ஹம்பி முதலான இடங்களில் பழைய மண்டபங்களின் கல்தளத்தில் இத்தகைய கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். செதுக்கியது யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. வேலைக்கிடையே நிழலுக்கு ஒதுங்கியவர்களாக இருக்கலாம், சந்தைக்கு வந்தவர்களாக இருக்கலாம். எந்த ராஜாவும் உத்தரவு போட்டு அவற்றைச் செதுக்கச் சொல்லவில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

பாபிலோனில் இருந்து கொச்சி வரை

உருட்டி, எண்ணி, காயை ஓட்டி, எதிரியை வெட்டி, முதலில் வீடு சேர்வது. இந்த வகை ஆட்டம் மனிதனோடு ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளாக வருகிறது. மெசபடோமியாவில் ஊர் என்னும் நகரத்தின் ராஜ கல்லறைகளை 1920-களில் லெனர்ட் வுல்லி தோண்டியபோது, 20 கட்டமுள்ள அழகான பலகைகள் கிடைத்தன. அவை கி.மு. 2600-ஐ ஒட்டியவை. விதிகள் தெரியவில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த அர்விங் ஃபிங்கல், கி.மு. 177-ல் பாபிலோனில் எழுதப்பட்ட ஒரு களிமண் பலகையைப் படித்து அந்த விதிகளை ஓரளவு மீட்டார். அதைவிட விசேஷம், அதே மாதிரி 20 கட்ட ஆட்டத்தைக் கொச்சி யூதர்கள் சென்ற நூற்றாண்டுவரை ஆடி வந்தார்கள் என்று அவர் கண்டுபிடித்ததுதான். பாபிலோனில் மறந்துபோன ஆட்டம் நம் பக்கத்துக் கேரளத்தில் ஒரு சின்ன சமூகத்தின் வீட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது!

சிந்துவெளியில் மொகஞ்சதாரோவில் பகடைகள் கிடைத்திருக்கின்றன. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது.

பேக்கேமனின் மூதாதை பாரசீகத்து 'நர்து'. அதன் பிறப்பைப் பற்றி அந்நாட்டில் ஒரு பழங்கதை வழங்குகிறது. இந்தியாவிலிருந்து ஒரு ராஜா சதுரங்கப் பலகையை அனுப்பி, 'இதன் விதியைக் கண்டுபிடியுங்கள், முடியாவிட்டால் கப்பம் கட்டுங்கள்' என்றாராம். பாரசீக மன்னர் குஸ்ருவின் மந்திரி அதைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல், பதிலுக்கு நர்து என்ற ஆட்டத்தை உண்டாக்கி இந்தியாவுக்கு அனுப்பினாராம். பலகையில் 24 வீடுகள், நாளின் 24 மணிபோல. காய்கள் 30, மாதத்தின் நாட்கள்போல. பாதி வெள்ளை, பாதி கறுப்பு, பகலும் இரவும்போல. சதுரங்கத்தில் எல்லாம் மூளை. நர்தில் மேலே இருப்பவன் உருட்டுகிறான், கீழே இருப்பவன் யோசித்து நகர்த்துகிறான் என்று அதற்கு விளக்கம்.

கதை கதையாகவே இருக்கட்டும். இந்த ஆட்டம் இந்தியாவுக்கு அந்நியமல்ல என்பதற்குக் கர்நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது. பீதர் மாவட்டத்தில் இன்று பசவகல்யாண் என்று வழங்கும் கல்யாண நகரில் இருந்து ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரர் 1130-ஐ ஒட்டி 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலை இயற்றினார். நூறு அத்தியாயங்களில் கடைசி இருபதும் விளையாட்டுகளுக்கே. அதில் சதுரங்கமும் உண்டு, பாசக விளையாட்டும் உண்டு. அந்தப் பாசகம் பேக்கேமனின் இந்திய உருவமே என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. எல்லோரா குகைகளில் சிவனும் பார்வதியும் பகடையாடும் சிற்பங்களைப் பார்த்தவர்கள், நடுவே இருக்கும் பலகையைக் கவனித்ததுண்டோ? அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று எழுதியிருப்பவர்கள் இருக்கிறார்கள். சிற்பியின் குறும்பைப் பாருங்கள்: ஆட்டத்தில் தோற்கிறவர் சிவபெருமான்!

மேற்கே போன கிளை ரோமாபுரியில் 'தபுலா' ஆயிற்று. கி.பி. 480-ஐ ஒட்டி கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட ஜெனோ சக்கரவர்த்திக்கு ஒரு நாள் விழுந்த எண்களால் ஜோடி ஜோடியாகப் பாதுகாப்பாக நின்ற காய்களைத் தாமே பிரித்துவிட்டு எட்டு இடத்தில் ஒண்டியாய் நிற்கவேண்டி வந்தது. அந்தத் துரதிர்ஷ்டத்தை ஒரு கவிஞர் பாட்டாக எழுதி வைத்ததால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த ஒரு உருட்டு இன்றுவரை நமக்குத் தெரிகிறது. 'பேக்கேமன்' என்ற பெயர் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்தது. 1743-ல் எட்மண்ட் ஹோய்ல் அதற்கு விதி நூல் எழுதினார். 1920-களில் நியூயார்க்கில் யாரோ பந்தயத்தை இரட்டிப்பாக்கும் ஒரு கட்டையைச் சேர்த்தார்கள். ஆட்டம் பணக்கார கிளப்புகளுக்குப் போய்விட்டது.

இதற்கிடையே நம்முடைய பச்சீசி ஆட்டம் கப்பலேறியது. அமெரிக்காவில் 1870-களில் 'பார்ச்சீசி' என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். இங்கிலாந்தில் 1896-ல் அதையே சுருக்கி 'லூடோ' என்று பதிவு செய்தார்கள். அந்த லூடோ திரும்பி வந்து நம் பெட்டிக்கடையில் தொங்கியது. நம் வீட்டுப் பெண் சீமைக்குப் போய் கவுன் போட்டுத் திரும்பி வந்த கதைதான்.

மரத்தில் எத்தனை இலை?

இந்த ஆட்டத்தில் என்னதான் இருக்கிறது? சதுரங்கத்தில் தேர்ந்தவனோடு புதியவன் ஆடினால் நூற்றுக்கு நூறு தோல்விதான். தாயத்தில் அப்படியில்லை. பேத்தி உருட்டுவது விழுந்தால் தாத்தா தோற்றுத்தான் தீர வேண்டும். அதிர்ஷ்டம் மட்டும் என்றால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். புத்தி மட்டும் என்றால் களைத்து வந்தவன் ஆடமாட்டான். இரண்டும் கலந்த பதம் இது.

அந்தப் பதத்தைக் கணக்கிலே காட்டலாம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. சேர்ந்து விழக்கூடிய விதங்கள் பதினாறு. அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டே விதம். எட்டு உருட்டுக்கு ஒரு தாயம் என்பது சராசரி. அதனால்தான் காயை இறக்க முடியாமல் அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்காருகிறோம்! மூன்று விழ நான்கு விதம், இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. ஆகவே எதிராளியின் காய் உங்கள் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் நின்றால் அபாயம் அதிகம். ஆறு கட்டம் பின்னால் நின்றால் குறைவு. கட்டையில் விழுவதை மாற்ற முடியாது. எங்கே நிற்பது என்பதை மாற்ற முடியும். பாட்டிமார் இந்தக் கணக்கைப் படித்ததில்லை, கை அறிந்திருந்தது. சோழியில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. சோழிக்கென்று ஒரு புரளும் குணம் உண்டு, ஒவ்வொரு வீட்டுச் சோழிக்கும் அது வேறுபடும்.

நளன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். நாட்டைச் சூதில் தோற்று, காட்டில் மனைவியைப் பிரிந்து, இருதுபர்ண ராஜாவிடம் தேரோட்டியாகச் சேர்ந்தான். தேர் போகும் வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட ராஜா, அதன் இலையும் காயும் இத்தனை என்று பார்வையிலேயே சொன்னாராம். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டான்; அதன் பிறகுதான் சூதில் ஜெயித்து ராஜ்யத்தை மீட்டான். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் தன் வீட்டையே தொலைத்த ஒரு சூதாடியின் புலம்பல் வருகிறது. அவன் உருட்டியதும் தான்றிக் காய்தான். சூதில் கெட்டவனும் சரி, மீண்டவனும் சரி, அதே மரத்தடியில்தான் நிற்கிறார்கள். இடையில் இருப்பது எண்ணத் தெரிந்ததும் தெரியாததும்.

எண்ணுவதில் மனிதனை விஞ்சியது கம்ப்யூட்டர். 1979-ல் மான்டிகார்லோவில் அன்றைய உலக பேக்கேமன் சாம்பியனை, ஹான்ஸ் பெர்லினர் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் 7-க்கு 1 என்று தோற்கடித்தது. பெர்லினர் நேர்மையான மனிதர். புரோகிராம் சில இடத்தில் தவறாக ஆடியது, பகடை அதற்குச் சாதகமாக விழுந்தது என்று அவரே எழுதினார். 1990-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் ஜெரால்ட் டெசாரோ எழுதிய புரோகிராம் தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடிக் கற்றுக்கொண்டது. அதற்கு அதிர்ஷ்டத்தின் தயவு தேவைப்படவில்லை.

மூன்றாவது ஆள்

ஆட்டத்தில் பந்தயம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரதம் ஒன்றே போதும். திருவள்ளுவரும் சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆனால் நம் மக்கள் அதிகம் கவனிக்காத ஒரு சாட்சி மைசூரிலேயே இருக்கிறது. 1905-ல் மைசூர் அரசாங்கக் கீழைநாட்டு நூலகத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் ஒரு ஓலைச்சுவடிக் கட்டைக் கொடுத்தார். அங்கே பணியாற்றிய ஆர்.சாமசாஸ்திரி அதைப் புரட்டியபோது, காணாமல் போயிற்று என்று எல்லோரும் நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வெளிப்பட்டது. 1909-ல் அச்சாயிற்று. அந்தச் சுவடி வந்தது நம் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து என்பது தமிழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அதிலே சூதாட்டத்திற்கென்று சர்க்கார் அதிகாரி ஒருவர் வருகிறார். ஆட்டம் ஓரிடத்தில்தான் நடக்க வேண்டும். பகடையை அந்த அதிகாரிதான் கொடுப்பார். வேறு பகடை வைத்து ஆடினால் அபராதம். ஜெயித்தவன் பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவருக்கு. பகடைக்கும் தனியாக வாடகை. ஆடுகிற இருவரில் யார் தோற்றாலும், தோற்காத மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

அந்த மூன்றாவது ஆள் பிற்பாடு கைப்பேசிக்குள் புகுந்தார். 2020 ஊரடங்கில் வீட்டிலே அடைபட்ட ஜனங்கள் கைப்பேசியில் லூடோ ஆடிப் பொழுதைக் கழித்தார்கள். அதில் தப்பில்லை. மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ராத்திரிப் பயணம் போகிறவர்கள், ஆளுக்கு ஒரு முறை விரலால் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். பணம் வைத்து ஆடும் லூடோ, ரம்மி இவை வந்தபோதுதான் சம்பள நாளுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே பள்ளம் விழுந்தது. ஊரில் குடும்பம், இங்கே தனி அறை, கையில் கைப்பேசி. இந்த மூன்றும் சேர்ந்த இளைஞர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். ஊருக்கு மணியார்டர் போன காலத்தில் தபால்காரரிடம் விசாரித்தாவது விஷயம் தெரிந்துவிடும். இதில் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக்கூடத் தெரியாது.

கணக்கு எளியது. நான்கு பேர் தலைக்கு 50 ரூபாய் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. ஜெயித்தவனுக்கு 170 கொடுத்துவிட்டு மீதி 30-ஐ நடத்துகிறவர் எடுத்துக்கொள்கிறார். நால்வரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றால், நாள்பட ஆட ஆட ஒவ்வொருவருக்கும் ஆட்டத்திற்கு ஏழரை ரூபாய் நஷ்டம். நூறு ஆட்டத்தில் 750 ரூபாய். ஒருவன் கெட்டிக்காரனாக இருந்து தப்பித்தால், அவன் பங்கு நஷ்டமும் மற்ற மூவர் தலையில் விழும். கௌடில்யரின் அதிகாரி நூற்றுக்கு ஐந்தோடு நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2023-ல் சூதாட்ட இணைய ஆட்டங்களுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. ரம்மியில் திறமைக்கு முக்கிய இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்ன தீர்ப்பிலிருந்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு முடிந்தபாடில்லை. வக்கீல்களுக்கு அது பிழைப்பு. ஆனால் தோற்றவன் வீட்டில், போனது திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்று யாரும் கேட்பதில்லை.

பந்தயமில்லாத தாயத்தில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பலகை விற்பவர்கூட வேண்டாம். தோற்றால் நாலு தோசை சுட்டுப் போட வேண்டும், அல்லது அடுத்த நாள் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும், அவ்வளவுதான். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதமும் சொக்கட்டானும் ஆடிய வீடுகளில் வைத்த பந்தயம் தூக்கம் ஒன்றே.

உட்காருமுன் பேசிக்கொள்ள வேண்டியவை

மைசூரில் பழைய ஆட்டங்களை விடாமல் காப்பாற்ற முயல்கிறவர்கள் இல்லாமலில்லை. விலங்குக்காட்சிச் சாலைக்கு எதிரே உள்ள ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் என்ற அமைப்பு, 'க்ரீடா கௌசல்யா' என்ற பெயரில் பகடெ, சௌகாபாரா, அளகுளி மணெப் பலகைகளைச் செய்வித்துக் கண்காட்சி நடத்தி வந்திருக்கிறது. துணியில் தைத்ததும், மரத்தில் கடைந்ததும், பித்தளையில் வார்த்ததுமாகப் பார்க்க அருமையாக இருக்கும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். ஆடுவதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை. பூஜைச் சாமான் கடையில் நான்கு சோழி, ஒரு சாக்பீஸ், காய்க்கு உடைந்த வளையலும் குன்றிமணியும் போதும்.

ஆனால் பக்கத்து வீட்டாரோடு உட்காருவதற்கு முன் சில விஷயங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. காயை இறக்கத் தாயம் விழ வேண்டுமா, அல்லது எந்த எண்ணுக்கும் இறக்கலாமா? இது வீட்டுக்கு வீடு மாறும். நம் பக்கத்தில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்குக்கும் மறு உருட்டு உண்டு. சோழியில் சௌகாவுக்கும் பாராவுக்கும் மட்டும்தான். ஒருவருடைய இரண்டு காய் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் அங்கே சில வீடுகளில் அதை 'கட்டி' என்பார்கள். ஒண்டிக் காயால் அதை வெட்ட முடியாது, இன்னொரு ஜோடிதான் வெட்ட வேண்டும். நம்மவர் பலருக்கு இந்த விதி புதிது. வெட்டினவருக்கு மறு உருட்டு உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சண்டை வந்த வீடுகளிலெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் வந்திருக்கிறது.